அரக்குக் காரும் கீழத்தெருத் தூசியும்

மூன்றாவது பூச்சு மெழுகைத் தேய்த்து முடித்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, சுண்ணம்பாடி கீழத்தெருவில், தமயந்தியின் அரக்கு நிறக் காரின் மேல் இனி உட்கார மாட்டேன் என்று தூசி முடிவு செய்தது. சிமெண்டு ஆலையின் புகைபோக்கியிலிருந்து கிளம்பி, ரயில் பாதையைத் தாண்டி, பள்ளிக்கூடத்துக் கூரையில் கொஞ்சம், பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கொஞ்சம் என்று அவரவர் பங்கை இறக்கிக்கொண்டே வந்த அந்த வெள்ளைத் தூசி, காருக்கு ஒரு சாண் தூரம் வந்ததும் நின்றது, சற்று யோசித்தது, பிறகு மரியாதையாக ஒதுங்கி எதிர்வீட்டுச் செண்பகத்தின் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டது. கையில் துணியோடு நின்று அதைப் பார்த்த தமயந்தி, "இப்பவாவது புத்தி வந்துச்சே" என்று சொல்லிவிட்டு வாளிகளைக் கழுவிக் கவிழ்த்தாள். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்ததால் உள்ளே போய்விட்டாள்.

அவளுக்கு ஆச்சரியப்பட நேரமில்லை, எரிச்சல்படத்தான் நேரமிருந்தது. பால் கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பால் சோதிக்கிறவள் அவள். விடிகாலையில் வரிசையாக வரும் கேன்களில் எதில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று கருவியைப் போடுவதற்கு முன்பே, மூடியைத் திறந்தவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவாள், அதனாலேயே ஊரில் பாதிப்பேருக்கு அவளைப் பிடிக்காது. நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள், பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் இடித்து லைசென்ஸ் தேர்வில் இரண்டு தடவை தோற்றாள், மூன்றாவது தடவை தேறினாள், ஒரு பழைய கார் வாங்கினாள். சிமெண்டு ஊருக்கு வெள்ளைதான் லாயக்கு, வெள்ளை வாங்கு என்று எல்லோரும் சொன்னதால் வேண்டுமென்றே அரக்கு வாங்கினாள்.

தை மாதத்தில் கும்பகோணத்திலிருந்து அவளுடைய அண்ணன் ஜம்புலிங்கம் போன் செய்தார். அவர் மகள் வினோதினிக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு என் காரைக் கொண்டுவருகிறேன், நானே மாப்பிள்ளையை உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று தமயந்தி ஆசையாகச் சொன்னாள்.

அந்தப் பக்கம் கொஞ்சம் சிரிப்பு கேட்டது. "உன் வண்டியா? வேண்டாம் தமா. சிமெண்டு மூட்டையில மாப்பிள்ளையை ஏத்திக்கிட்டு வந்தாங்கன்னு சம்பந்தி வீட்டுல பேசுவாங்க. நான் வாடகைக்கு ஒண்ணு சொல்லிடறேன்."

"இன்னும் நாலு மாசம் இருக்குல்ல அண்ணே? குனிஞ்சு பாத்தா என் பானட்டுல உன் மூஞ்சி தெரியும். தெரியலைன்னா சொல்லு, நான் பஸ்ஸுலயே வந்து பஸ்ஸுலயே போறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, போனை வைத்தபின் வாசலுக்கு வந்து பார்த்தால் கார் சிமெண்டு மூட்டையாகத்தான் நின்றது. சுண்ணம்பாடியில் பகலெல்லாம் தூசி இறங்கும், விடிகாலையில் பனி இறங்கும், இரண்டும் சேர்ந்து காரின் மேல் இறுகிச் சுவர்க் காரைபோல் ஆகிவிடும். அதை அவள் கணவர் குமரகுரு, உதவி செய்கிறேன் பேர்வழி என்று, உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்து வைத்திருந்தார். பானட்டு முழுக்க வட்ட வட்டமாகக் கோடு. உப்புத்தாளால் தேய்த்தால்கூட இவ்வளவு சீராக வந்திருக்காது. "பளிச்சுன்னு இருக்குல்ல?" என்று வேறு கேட்டார். ஆலையில் மூட்டை கட்டும் பிரிவில் வேலை செய்கிற, யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாத, எதைக் கேட்டாலும் 'போகட்டும் விடு' என்கிற மனிதர் அவர். அப்படிப்பட்டவரோடு சண்டை போடுவது சுவரோடு சண்டை போடுவது என்று கல்யாணமான மறுமாதமே தமயந்திக்குத் தெரிந்துவிட்டது.

பட்டறையில் கேட்டால் மேலே ஏதோ கண்ணாடிப் பூச்சு பூச வேண்டும் என்றார்கள், அதற்கு ஆகும் செலவில் இன்னொரு பழைய கார் வாங்கிவிடலாம். தெருவில் கேட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்: மண்ணெண்ணெய் போட்டுத் துடை என்றார் ஒருவர், தேங்காயெண்ணெய் தடவினால் கண்ணைப் பறிக்கும் என்றார் இன்னொருவர், தடவிப் பார்த்தபோது கண்ணைப் பறித்தது உண்மைதான், அரை மணி நேரத்தில் ஊர்த் தூசி மொத்தமும் அதில் வந்து ஒட்டிக்கொண்டதும் உண்மைதான். பாத்திரம் விளக்கும் சோப்பு, துணி துவைக்கும் பவுடர், எல்லாம் இருக்கிற பளபளப்பையும் உரித்துக்கொண்டு போயின. கடைசியில் தமயந்தி யாரையும் கேட்பதில்லை என்று முடிவெடுத்து, பாலைச் சோதிப்பதுபோலக் காரைச் சோதித்துப் பார்த்துத் தானே கண்டுபிடித்தாள். தூசியின் மேல் கை வைக்கவே கூடாது, முதலில் மேலிருந்து கீழே தண்ணீரை ஓடவிட்டு அதைத் தானாக இறங்கச் செய்ய வேண்டும். வாளி இரண்டு வேண்டும், ஒன்று நுரைக்கு, ஒன்று துணியை அலச, இல்லையென்றால் எடுத்த மண்ணையே திரும்பத் தேய்ப்போம். இறுகிப்போன சிமெண்டுப் புள்ளிக்கு வினிகரில் நிறையத் தண்ணீர் கலந்து ஒற்றி ஊறவைத்தால் போதும், சுரண்ட வேண்டியதில்லை. மாட்டுக்கொட்டகைக்குக் கட்டும் பச்சை வலையை நாலு மூங்கிலில் கட்டினால் வெயிலும் பாதி, காக்கை எச்சமும் பாதி. அதற்கெல்லாம் மேலே, நிழலில் வைத்து, ஒரு சின்ன டப்பா மெழுகை மெல்லிசாகப் பூசி, உலரவிட்டு, பூந்துவாலையால் வட்டம் போடாமல் நேராகத் தேய்த்து எடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு பூச்சு போதும் என்று டப்பாவில் போட்டிருந்தது. தமயந்தி வாரத்துக்கு ஒன்று பூசினாள். மாசி மாதத்து மூன்றாவது ஞாயிறு, தூசி தோற்றது.

அன்றிலிருந்து காரின் மேல் கை படும், துணி படும், இரும்பு படும், மெழுகைத் தவிர ஒட்டிக்கொள்ள வருகிற எதுவும் படாது என்று ஆகிவிட்டது. காக்கைகள்கூடக் காருக்கு மேலே பறக்கும்போது அடக்கிக்கொண்டு, மேலத்தெருவுக்குப் போய்த்தான் காரியத்தை முடித்தன.

இதில் முதலில் கோபப்பட்டது செண்பகம். தமயந்தியைவிடப் பத்து வயது மூத்தவள், தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவள். "ஏன்டி, உன் வண்டிக்கு வேண்டாம்னு ஒதுக்குன தூசியெல்லாம் என் வாசலுக்குத்தான் வரணுமா?" என்று விளக்குமாற்றோடு சண்டைக்கு வந்தவள், பேசிக்கொண்டே காரின் பக்கத்தில் நின்றுவிட்டாள், நின்ற இடத்தில் மூக்கு அரிக்கவில்லை, கண் உறுத்தவில்லை, முப்பது வருஷமாக வாயில் இருந்த மண் ருசி போய்விட்டது. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து காரை ஒட்டிப் போட்டு, அதன்மேல் வேட்டியை விரித்து, கூழ் வடகம் ஊற்ற ஆரம்பித்தாள். சுண்ணம்பாடியில் வடகம் காய வைத்தால் வறுக்கும்போது சட்டியில் மணல் வறுபடும் சத்தம்தான் கேட்கும் என்பது ஊரறிந்த விஷயம். அந்த வருஷம் முதல்முறையாகச் செண்பகத்தின் வடகம் வடகமாகப் பொரிந்தது. மறுநாள் காரைச் சுற்றி ஏழு கட்டில்கள் இருந்தன.

தமயந்தி கத்திப் பார்த்தாள். கட்டில் கால் கதவில் இடிக்கும் என்றாள், மிளகாய் வற்றல் வைக்காதீர்கள் என்றாள், சாயாதே, தொடாதே, பையை வைக்காதே என்று தொண்டை வறளக் கத்தினாள். அவள் கத்துவதைச் செண்பகம் இன்னும் உரக்கத் திருப்பிச் சொல்வாள். "ஏய், யாரது வண்டியில சாயறது? பெயிண்டு என்னத்துக்கு ஆவும்?" என்று விரட்டுவாள், விரட்டிவிட்டுத் தன் கட்டிலை இன்னும் அரையடி உள்ளே தள்ளிக்கொள்வாள். தமயந்தி காலையில் சங்கத்துக்குக் கிளம்பும்போது கார் கதவைத் திறக்க நாலு கட்டிலை நகர்த்த வேண்டியிருந்ததால், பத்து நாள் நகர்த்திப் பார்த்துவிட்டு, பழையபடி நடந்தே போனாள்.

அப்போதும் அவள் மெழுகை நிறுத்தவில்லை. அதுதான் அவள் செய்த தப்பு. பானட்டில் அண்ணன் முகம் தெரிய வேண்டும் என்ற ஒரே வைராக்கியத்தில் வாராவாரம் பூசிக்கொண்டே இருந்தாள், ஒவ்வொரு பூச்சுக்கும் தூசி இன்னும் ஒரு முழம் பின்வாங்கியது, பங்குனி முடிவதற்குள் கீழத்தெரு முழுவதும், முதல் வீட்டிலிருந்து கடைசித் தண்ணீர்த்தொட்டி வரைக்கும், தூசி கால் வைக்காத இடமாகிவிட்டது. ஷிப்டு முடிந்து வருகிற ஆண்கள் தெருமுனையில் நுழையும்போது தலையிலிருந்தும் புருவத்திலிருந்தும் சட்டை மடிப்பிலிருந்தும் வெள்ளைப் பொடி எழும்பித் திரும்பிப் போனது, காரிடம் வந்து சேர்கிறபோது கருகருவென்று நின்றார்கள், தன் கணவருக்குக் காதோரம் ஒரு மச்சம் இருப்பதைத் தமயந்தியே அப்போதுதான் பார்த்தாள். இழுப்பு நோய்க்காரர்கள் ராத்திரி படுத்துத் தூங்கினார்கள். பெண்கள் வாசலில் போட்ட கோலம் மறுநாள் வரைக்கும் கோலமாகவே இருந்தது. இதையெல்லாம் யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை. ஒரு தெருவுக்குப் போர் போட்டுத் தண்ணீர் வந்தால் எப்படி இருப்பார்களோ அப்படித்தான் இருந்தார்கள், குடத்தை எடுத்துக்கொண்டு வந்து பிடித்துக்கொண்டார்கள்.

ஆலையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மூக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார், மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார், காரைக் கொஞ்சமும் கவனிக்காமல், ஆலையின் சுற்றுச்சூழல் நடவடிக்கைகளால் தூசி ஒழிந்த தெரு என்று பலகை எழுதி நட்டுவிட்டு, தினமும் ரோட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த லாரியையும் நிறுத்திவிட்டார். அந்தப் பலகையை நட்டவர்கள் குழி தோண்டும்போது கடப்பாரையைக் காரின் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள். தமயந்தி அதைப் பிடித்து வீசிய வீச்சில் கடப்பாரை சாக்கடையைத் தாண்டி விழுந்தது.

கீழத்தெரு ஒதுக்கிய தூசி எங்கே போகும்? மேலத்தெருவுக்குப் போனது. இரண்டு பங்கு தூசியோடு ஒரு மாதம் இருமிப் பார்த்துவிட்டு, மேலத்தெருக்காரர்கள் திரண்டு வந்தார்கள். முன்னால் வந்தவர் பிச்சைமுத்து, ஆலைத் தொழிற்சங்கத்தில் நிறையப் பேச்சுவார்த்தைகள் நடத்தி ஓய்வு பெற்றவர். தெருக் குழாயில் தண்ணீர் முறை வைத்துப் பிடிப்பது போலக் காரையும் முறை வைக்க வேண்டும், ஒருநாள் இங்கே, ஒருநாள் அங்கே என்று அவர் சொன்னார். கீழத்தெருக்காரர்கள் முடியாது என்றார்கள். பிள்ளையார் கோயில் மண்டபத்தில் மூன்று சாயங்காலம் பேசினார்கள். கடைசியில் திங்கள், புதன், வெள்ளி மேலத்தெரு, மற்ற நாள் கீழத்தெரு என்று முடிவாகி, ஒரு அட்டையில் எழுதிக் கோயில் தூணில் கட்டினார்கள். பேசிய மூன்று நாளிலும் கார் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. குமரகுரு மட்டும் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, "நல்லபடியா முடிஞ்சுது" என்றார்.

"என்ன நல்லபடியா முடிஞ்சுது? யார் காருங்க அது?"

"உன் காருதான். யாரு இல்லைன்னா? விடிகாலையில கொண்டுபோய் நிறுத்திட்டு, மறுநாள் எடுத்துட்டு வந்துடு. இருநூறு அடிதானே தமயந்தி, போகட்டும் விடு."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். கம்பத்தில் இடித்து, லைசென்ஸ் அதிகாரியிடம் திட்டு வாங்கி, சைக்கிள்காரனெல்லாம் சிரிக்க ஓட்டப் பழகியது இருநூறு அடி போவதற்கா? வண்டி வாங்கியபோது எங்கெங்கோ போக நினைத்திருந்தாள், மழைக்காலத்தில் கொள்ளிடக் கரையோடு போக வேண்டும், தனியாக ஒருநாள் வேதாரண்யம் வரைக்கும் போக வேண்டும் என்று. இப்போது முதல் கியரில் கிளம்பி இரண்டாவது கியருக்குப் போவதற்குள் மேலத்தெரு வந்துவிடுகிறது. ஆனாலும் பொறுத்தாள். வைகாசி வரட்டும், கும்பகோணத்தில் மண்டபத்து வாசலில் நாதஸ்வரம் முழங்க என் கார் வந்து நிற்கட்டும், அண்ணன் குனிந்து பார்க்கட்டும் என்று அதை ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டு பொறுத்தாள்.

அவள் மனத்தை உண்மையில் அறுத்தது கட்டிலும் முறை அட்டையும் அல்ல. இவ்வளவு பளபளப்பை, நாலு மாதம் முழங்கை தேயத் தேய்த்த பளபளப்பை, தெருவில் ஒரு ஆள் நின்று பார்க்கவில்லை. நன்றாயிருக்கிறது என்று ஒரு வாய் சொல்லவில்லை. காரைக் கடக்கும்போது எல்லோரும் தலையைத் திருப்பிக்கொண்டு, தண்ணீர்த்தொட்டியையோ தங்கள் காலையோ பார்த்துக்கொண்டு போனார்கள். சித்திரையில் ஒருநாள் தாங்க முடியாமல் செண்பகத்திடமே கேட்டுவிட்டாள்.

"ஏன்க்கா, பொறாமையா எல்லாருக்கும்? ஒருத்தராவது பாத்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

செண்பகம் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். "அடிப் பாவி, பாக்கலாமாடி? பாத்து அழகா இருக்குன்னு வேற சொன்னா என்னத்துக்கு ஆவுறது? கண்ணு பட்டுடும்னுதானே தெருவே தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போவுது. என் மருமவகிட்ட சொல்லியிருக்கேன், அந்தப் பக்கம் போனா கோயில் கோபுரத்தைப் பாத்துக்கிட்டே போடின்னு. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது."

தமயந்தி அவள் கையைத் தட்டிவிட்டு வீட்டுக்குள் போனாள். அன்று சாயங்காலம் ஆத்திரத்தில் இன்னொரு பூச்சு பூசினாள்.

வைகாசி வந்தது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது இரண்டு தெருக்காரர்களும் மறுபடி மண்டபத்தில் கூடினார்கள். இரண்டு நாள் கார் வெளியூர் போனால் இங்கே இறங்கப்போகும் தூசிக்கு யார் பொறுப்பு என்பது பேச்சு. இந்தத் தடவை தமயந்தி தானே போனாள், நடுவில் நின்றாள்.

"எங்க அண்ணன் பொண்ணு கல்யாணம். என் காரு. நான் ஓட்டிக்கிட்டுப் போறேன். முறை அட்டையில எந்தக் கிழமையா இருந்தாலும் சரி."

பிச்சைமுத்து தொண்டையைச் செருமினார். "போக வேண்டாம்னு யாரும் சொல்லலைம்மா. ஆனா கல்யாண மண்டபம். நானூறு பேரு வருவாங்க. பத்திரமாத் திரும்பி வரணும்ல? அதுதான் எங்க கவலை."

"நான் ஓட்டிக்கிட்டுப் போனா பத்திரமாத்தான் வரும்."

"ஓட்டுறதைச் சொல்லலை," என்றார் பிச்சைமுத்து, அவளைப் பார்க்காமல் செண்பகத்தைப் பார்த்து.

செண்பகம் தலையை ஆட்டிக்கொண்டாள். அவள் பயம் சின்னப் பயமில்லை. மருமகளுக்கு இழுப்பு, நாலு வருஷம் ஆஸ்பத்திரிக்கு அலைந்து, இந்த மூன்று மாதமாகத்தான் அந்தப் பெண் ஒரு குடம் தண்ணீரை நிற்காமல் தூக்கி வருகிறது. அப்படிப்பட்ட காரை ஒரு தெரு தலை குனிந்து காப்பாற்றி வைத்திருக்க, அது நானூறு பேர் கண்ணெதிரே, அதுவும் மாப்பிள்ளை அழைப்பில், விளக்கு வெளிச்சத்தில் போய் நிற்கப்போகிறது. எண்ணூறு கண்கள். கிளம்புவதற்கு முதல்நாள் செண்பகம் கண்மையைக் குழைத்துக்கொண்டு வந்து, குழந்தைக்குக் கன்னத்தில் வைப்பதுபோல, காருக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்துப் பார்த்தாள். மை ஒட்டவில்லை, விரலை விட்டு இறங்கவே இல்லை. குங்குமம் ஒரு சாண் தூரத்திலேயே திரும்பிக்கொண்டது. சந்தனம் தரையில் விழுந்தது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் சாறு வளைந்து ஓடியது. கடையில் கறுப்புப் பெயிண்டு வாங்கி வந்து பார்த்தார்கள், ரோட்டுத் தாரை உருக்கிப் பார்த்தார்கள், எதுவும் ஒட்டவில்லை. தமயந்தி அப்போது சங்கத்தில் பால் சோதித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவள் தலைக்குக் குளித்துக்கொண்டிருக்கும்போது வெளியே ஒரு சத்தம் கேட்டது. நகத்தால் சிலேட்டில் கீறினால் வருகிற சத்தம், அதைவிட நீளமானது. பல் கூசியது. ஈரத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு அவள் ஓடி வந்தபோது, காரின் முன்னால் செண்பகம் பாக்குவெட்டியோடு நின்றாள், குமரகுரு விபூதிக் கிண்ணத்தோடு நின்றார், தெருவே சற்றுத் தள்ளி நின்று தண்ணீர்த்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பானட்டின் நடுவில், அரக்கு நிறத்தைக் கிழித்துக்கொண்டு, ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கோடு.

"என்னக்கா பண்ணுனீங்க?"

"கத்தாதடி. பொட்டு எதுவும் ஒட்டலை. குறை ஒண்ணு இருந்தாத்தானே கண்ணு அங்க போவும்? இனிமே ஊரே பாத்தாலும் ஒண்ணும் ஆவாது. தைரியமாப் போயிட்டு வா."

செண்பகத்தின் முகத்தில் துளியும் குற்றம் இல்லை. கண் கலங்கியிருந்தது, பெற்ற பிள்ளையை ஊசி போடப் பிடித்துக்கொண்டவளின் முகம். தமயந்திக்கு அவளை அடிக்க வேண்டும்போல் இருந்தது. கணவரிடம் திரும்பினாள்.

"நீங்க பாத்துக்கிட்டா நின்னீங்க?"

"பெருசா ஒண்ணு போடறேன்னாங்க," என்றார் குமரகுரு. "நான்தான் சின்னதாப் போடுங்கன்னு சொன்னேன்."

அழக்கூட நேரமில்லை, பத்து மணிக்குள் கும்பகோணத்தில் இருக்க வேண்டும். அரியலூர் தாண்டும் வரைக்கும் தமயந்தி வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே ஓட்டினாள், செண்பகத்தை, மேலத்தெருவை, ஆலையை, மையை, பாக்கை, பாக்குவெட்டி கண்டுபிடித்தவனை. பின் சீட்டில் சீர்த் தட்டை மடியில் வைத்துக்கொண்டு குமரகுரு எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டினார். அணைக்கரைப் பாலத்துக்கு முன்னால் தான் நாலாவது கியரில் போய்க்கொண்டிருப்பதை அவள் கவனித்தாள். பரவாயில்லை, ஒரு விரல் கோடுதானே, மிச்சம் முழுக் காரும் இருக்கிறதே, இவ்வளவு பளபளப்பில் அது யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் கும்பகோணத்துப் பிள்ளையார் கோயில் வாசலில் காரை அலங்கரிக்க வந்த பூக்காரர், மல்லிகைச் சரத்தை நாலு தடவை பானட்டில் வைத்துப் பார்த்தார். மகரந்தம் ஒட்டிவிடும் என்று கார் விடவில்லை. "சரி, அது இஷ்டம்" என்று அவர் கையை எடுத்தபோது, சரங்கள் எல்லாம் காரைச் சுற்றி ஒரு சாண் தள்ளி அந்தரத்திலேயே நின்றன, கூரைக்கு மேல் ஒரு வளையம், பக்கத்துக்கு இரண்டு, முன்னால் ரோஜா மாலை ஒன்று எதிலும் படாமல் மெதுவாக ஆடிக்கொண்டு. அதன் நடுவே அரக்குக் கார், விளக்குகள் அத்தனையையும் தன்மேல் வாங்கி எரிந்துகொண்டிருந்தது. தமயந்தி பட்டுப் புடவையோடு ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். தன் வாழ்க்கையில் இவ்வளவு அழகான எதையும் அவள் பார்த்ததில்லை, அதை அவளே செய்திருந்தாள், இரண்டு வாளியும் ஒரு டப்பா மெழுகும் வைத்து.

மாப்பிள்ளை வந்தார், ஏறுவதற்கு முன்னால் நின்றார், குனிந்தார். "ஐயோ அத்தை, இங்க ஸ்கிராட்ச் விழுந்திருக்கே" என்றார்.

நாதஸ்வரம் தொடங்கியது. கார் நடையாக நகர்ந்தது. அந்தரத்தில் பூச்சரங்கள் கூடவே வந்தன, தூவிய அரிசியும் ஜிகினாவும் ஒரு சாண் தள்ளி நின்று மினுங்கிக்கொண்டே வந்தன, வழி நெடுக ஆட்கள் வந்து பார்த்தார்கள், வந்தவர்கள் எல்லோரும் பானட்டின் நடுவில் விரலை வைத்தார்கள். அடடா, கோடு விழுந்துடுச்சே. யாரு பண்ணுனது? ஆட்டோக்காரனா? டூத்பேஸ்ட் தடவிப் பாருங்க, போயிடும். நெயில் பாலிஷ் இதே கலர்ல கிடைக்கும்மா. வேஸ்லின் வெச்சா தெரியாது. எங்க வண்டிக்கு இப்படித்தான், தேங்காயெண்ணெய் போட்டோம். சம்பந்தியம்மாள் ஒருத்தி மெட்டியைக் கழற்றிக் கோட்டின் மேல் வைத்தால் துரு பிடிக்காது என்றாள். இவர்கள் கண்ணெல்லாம் எங்கே போயிற்று, பூவைப் பாருங்கள், பூ நிற்கிற இடத்தைப் பாருங்கள், இந்த நிறத்தைப் பாருங்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது தமயந்திக்கு. நாதஸ்வரத்தில் யாருக்குக் கேட்கும்?

மண்டபத்து வாசலில் ஜம்புலிங்கம் ஆரத்திக்காரர்களை விலக்கிக்கொண்டு வந்தார். காரின் முன்னால் நின்றார். குனிந்தார். அவர் முகம் பானட்டில் தெளிவாக விழுந்தது, நெற்றிச் சந்தனம், மீசை நரை, மூக்குக் கண்ணாடி, கண்ணாடிக்குள் தெரிந்த விளக்குகள் வரைக்கும் விழுந்தது. நாலு மாதமாக அவள் காத்திருந்த முகம். அவர் அதைப் பார்க்கவே இல்லை. கோட்டின் மேல் கட்டை விரலை வைத்து இழுத்துப் பார்த்தார்.

"போனாப் போவுது விடு தமா," என்றார் பிரியமாக. "பழைய வண்டின்னா நாலு கீறல் இருக்கத்தான் செய்யும்."

முகூர்த்தம் முடிந்து, சாப்பிட்டு, மறுநாள் மத்தியானம் அவர்கள் சுண்ணம்பாடிக்குத் திரும்பினார்கள். இரண்டு நாள் தூசி தெருவில் கணுக்கால் அளவு கிடந்தது, கார் முனையில் திரும்பியதும் அது எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களைப்போல மேலத்தெருப் பக்கம் நகர்ந்தது. செண்பகம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். காரை மூன்று சுற்றுச் சுற்றி வந்தாள், குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள், கோட்டைத் தொட்டுப் பார்த்தாள், மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"அப்படியே இருக்குடி! ஒண்ணும் ஆவலை. எத்தனை பேரு வந்தாங்க?"

"நானூறுக்கு மேல இருக்கும்."

"நெசமாச் சொல்லு, ஒரு கண்ணாவது பட்டுச்சா?"

தமயந்தி இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருஷமாகக் கருவி காட்டுவதை மாற்றிச் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

"இல்லக்கா," என்றாள். "ஒருத்தர் கண்ணும் படலை."

"நான் சொல்லலை?" என்று செண்பகம் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள், வீட்டைப் பார்த்து மருமகளைக் கூப்பிட்டாள், கட்டிலை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். தமயந்தி ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்து, தோள் குலுங்க, சத்தம் போட்டு அழுதாள். கட்டில்களைத் தூக்கி வந்தவர்கள் ஒவ்வொருவராகக் காரின் இரண்டு பக்கமும் இறக்கி வைத்தார்கள், கண் பட்டுவிடக் கூடாதே என்று தண்ணீர்த்தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், வேட்டியை விரித்து வடகம் ஊற்ற ஆரம்பித்தார்கள்.